மூலத்தில் இருந்த சொல்

மாசிலாமணி பாலிஷ் போட்ட மேஜையில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று பாலக்கரை மரக்கடைகளில் சொல்வார்கள். பொழுது சாய்ந்தால் அந்தக் கை எப்படி நடுங்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவார்கள். மாகாணம் முழுக்க மதுவிலக்கு. கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் பாலிஷ்காரனுக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. அரக்கைக் கரைப்பதற்கென்று கடைக்கு வருகிற ஸ்பிரிட் அவன் முழங்காலை இடித்துக்கொண்டு டின்னில் இருந்தது.

பரிபூரணம் அவனுக்கு அக்கா. அம்மா பிரசவத்தோடு போய்விட்டதால் அவனைத் தூக்கி வளர்த்தது அவள் இடுப்புதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் சற்குணம் புத்தூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன புராட்டஸ்டண்ட் சபைக்குப் போதகர். சபையார் அவரை ஐயா என்றும் இவளை அம்மா என்றும் அழைத்தார்கள். ஊருக்கெல்லாம் அம்மாவாக இருந்தவளுக்கு உள்ளூர இருந்த ஒரே பிள்ளை மாசிலாமணி.

ஐம்பத்தைந்தாம் வருஷம் அவனுடைய இரண்டாவது பெண்ணுக்கு ஞானஸ்நானம். குடித்துவிட்டுத்தான் கோயிலுக்கு வந்தான். குழந்தையைப் பீடத்தருகே எடுத்துப் போகும்போது கால் பின்னி விழப்போனான். சற்குணம் அங்கியோடு பாய்ந்து குழந்தையைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் அவனை வீட்டில் உட்காரவைத்துக் கண்டித்தார். அவன் தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் சிரித்தான்.

"எதுக்கு அத்தான் இவ்வளவு பேசுறீங்க? கல்யாண வீட்டுல தண்ணிய ஜாடி ஜாடியா சாராயமா மாத்திக் குடுத்தாரே ஆண்டவர், அவரும் நம்ம ஆளுதானே?"

சற்குணம் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அது சாராயம் இல்ல மாசிலாமணி. புளிக்காத சாறு. நம்ம வேதத்துல என்ன போட்டிருக்கு? திராட்சரசம். ரசம்னா சாறு. அவரு வாயில லாகிரி பட்டதே கிடையாது. உனக்காகச் சிலுவையில தொங்கினப்போ, வலி தெரியாம இருக்க மயக்க மருந்து கலந்து நீட்டினாங்க. அதைக்கூட வேண்டாம்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு."

மாசிலாமணி அன்றிரவு அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டான். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சலும் நடுக்கமுமாக அக்கா வீட்டுக் கூடத்தில் கிடந்தான். வாந்தி எடுத்தான், சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தினான். பரிபூரணம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தபடியே இருந்தாள். எழுந்தபோது குடியை விட்டிருந்தான். எப்படி விட்டான் என்று கேட்டவர்களிடம், "அவரே தொடலயாம்" என்று மட்டும் சொன்னான்.

அப்படியே ஆறு வருஷம் ஓடியது. அதே கடை, அதே டின், அதே வாசனை. கை நடுங்கவில்லை. அவன் மனைவி மரகதம் பூசினாற்போல் ஆனாள். பெண்கள் இரண்டும் ஸ்கூலுக்குப் போயின. பண்டிகை நாளில் அவன் வெள்ளை வேட்டியோடு பீடத்தின் முன்னால் முழங்காலிட்டு, சற்குணம் கையிலிருந்த திருவிருந்துக் கிண்ணத்தை வாங்கிக் குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பரிபூரணத்துக்குப் பாட்டின் வரி தவறிவிடும். அந்தக் கிண்ணத்துக்கு உலர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்துப் பிழிந்து வடிகட்டுகிறவள் அவள்தான்.

அறுபத்தொன்றில், வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்துவதற்குப் பல சபைகள் சேர்ந்து ஒரு குழு போட்டார்கள். இறையியல் கல்லூரியில் எபிரெயுவும் கிரேக்கும் நன்றாகப் படித்தவர் என்பதால் சற்குணத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். உணவு, பானம், பயிர்பச்சை பற்றிய சொற்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அவருக்கு வந்தது. மனிதர் பூரித்துப்போனார். அகராதிகளை வரவழைத்தார். காலையில் உட்கார்ந்தால் காப்பி ஆறிப்போவது தெரியாமல் படித்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். பூரிப்பு வடிந்துவிட்டதைப் பரிபூரணம் கவனித்தாள். சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தார். என்ன என்று இரண்டு மூன்று தரம் கேட்டபிறகு சொன்னார்.

"முற்பிதா ஒருத்தர் குடிச்சு வெறி ஏறிக் கூடாரத்துல விழுந்து கிடந்தாரில்ல, அந்த இடத்துல எபிரெயுல யாயின்னு ஒரு சொல் இருக்கு. அப்புறம் ஒரு ஆசாரியர் அப்பமும் திராட்சரசமும் கொண்டு வந்து ஆசீர்வாதம் பண்றாரு பாரு, அங்கேயும் யாயின்தான். ரெண்டும் ஒரே சொல். கிரேக்குலயும் அப்படியே. கல்யாண வீட்டுல குடிச்சதுக்கு ஒரு சொல், குடிகாரன் குடிக்கிறதுக்கு ஒரு சொல்லுன்னு இல்லவே இல்ல."

"அதனால என்னங்க?"

"நான் மாசிலாமணிகிட்ட அன்னிக்குச் சொன்னது சரியில்ல பரிபூரணம். யாரோ எழுதின துண்டுப் பிரசுரத்தைப் படிச்சிட்டு, வேதமே சொன்ன மாதிரி சொல்லிட்டேன்."

"அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

"நான் சாகிற வரைக்கும்."

அவர் கை கழுவ எழுந்துவிட்டார். சரி என்று சொல்லவில்லை.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் வரதாச்சாரியார் என்று ஒரு சமஸ்கிருதப் பேராசிரியர் இருந்தார். கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சற்குணத்துக்குச் சொற்களில் சந்தேகம் வந்தால் அவரிடம் போவது வழக்கம். இந்தத் தரம் பரிபூரணமும் கூடவே கிளம்பினாள். பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்களோடு பஸ்ஸில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவள் மனசில் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. அந்தப் பெரியவர், ரசம் என்றால் சாறுதான், போங்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

வரதாச்சாரியார் இருவரையும் வாசலை ஒட்டிய ரேழியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். சற்குணம் விஷயத்தைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எங்க பக்கமும் இதே தகராறுதான் ஸார். யாகத்துல குடிச்ச சோமம்னா என்ன? அது லாகிரியா, வெறும் மூலிகைச் சாறா? ஒத்தர் சத்தியம் பண்றார், இன்னொருத்தர் மறுக்கறார். மதுன்னா தேன்னு ஒரு இடம், கள்ளுன்னு ஒரு இடம். சாராயத்துக்கே உண்டான சுரான்னு வந்தா மட்டும் எல்லாரும் காதைப் பொத்திக்கறா. நமக்கு எது பிடிக்கறதோ அதை அர்த்தமா வச்சுண்டு, பழையவா மேல போட்டுடறோம்."

"திராட்சரசம்னு தமிழ்ல போட்டிருக்காங்களே, அதைப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?" என்று சற்குணம் கேட்டார்.

"போட்டவர் கெட்டிக்காரர். புளிச்சதுன்னும் சொல்லலை, புளிக்கலைன்னும் சொல்லலை. படிக்கறவன் அவனவன் சௌகரியத்துக்கு எடுத்துக்கலாம்."

பரிபூரணம் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அப்போ சாறுன்னே வச்சுக்கலாமாங்க?"

பெரியவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவள் கேட்பது இலக்கணம் இல்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார்.

"வச்சுக்கலாம்மா. யார் தடுக்கப்போறா? ஆனா எழுதினவா மனசுல என்ன இருந்ததுன்னு உங்க ஆத்துக்காரர் தேடறார். அது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதைத் தெரியாததா ஆக்க என்கிட்ட சாஸ்திரம் இல்லை."

திரும்பும்போது பாலத்தில் பஸ் ஊர்ந்தது. சற்குணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இதை மறைச்சு வச்சுக்கிட்டு பீடத்துல எப்படி நிக்கிறது?" என்றார். அவள் காதில் விழாதவள் போல் இருந்தாள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், சற்குணம் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போயிருந்த நேரம், மாசிலாமணி வந்தான். கையில் அரக்குக் கறை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். பிறகு செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கடையில புதுசா ஒரு தச்சன் சேர்ந்திருக்கான், சவரிமுத்துன்னு. கத்தோலிக்க ஆளு. அவங்க சாமியார் பூசையில வைக்கிறது நெசமான வைனாம். சர்க்கார்ல பர்மிட்டு வாங்கித்தான் வச்சிருக்காங்களாம். ஆண்டவர் குடிச்சதே அதுதான், உங்க பாதிரிதான் உங்களுக்குப் பாயசம் ஊத்தி ஏமாத்துறாருன்னு எல்லார் முன்னாடியும் சிரிக்கிறான்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான்."

"இல்லக்கா. அத்தான் இப்போ அந்தச் சொல்லையெல்லாம்தான் ஆராய்ச்சி பண்றாருன்னு மரகதம் சொன்னா. நீ பக்கத்துல இருக்கிறவ. உனக்குத் தெரிஞ்சிருக்கும். அது என்னக்கா?"

தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்திய அதே முகம், இப்போது தெளிவாக, கன்னம் நிரம்பி, அவள் சொல்லப்போவதை நம்பக் காத்துக்கொண்டிருந்தது.

"ரசம்தான்டா" என்றாள். "புளிக்காத ரசம். அத்தான் பார்த்துட்டாரு. ஸ்ரீரங்கத்துப் பெரியவரும் அதையேதான் சொன்னாரு. நானே கூட இருந்து கேட்டேன்."

அவன் செம்பைக் கீழே வைத்தான். "அது போதும்" என்று எழுந்து போனான். போகும்போது தெருவில் விசில் அடித்துக்கொண்டு போனது அவளுக்குக் கேட்டது.

புருஷனிடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் வேறு மாதிரி நடந்திருப்பாரோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாசிலாமணி குடும்பத்தோடு சாப்பிட வந்தான். குழந்தைகள் வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தன. மரகதம் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் இருவருக்கும் இலை போட்டுப் பரிபூரணம் சோறு பரிமாறினாள். மாசிலாமணி உற்சாகமாக இருந்தான்.

"அத்தான், அந்த சவரிமுத்து வாயை அடைச்சிட்டேன். எங்க அத்தான் மூல பாஷையிலயே பார்த்துட்டாரு, அக்கா சொல்லிடுச்சுன்னேன். நம்ப மாட்டேங்கிறான். உங்க வாயால ஒரு தரம் சொல்லிடுங்க. நாளைக்குப் போயி இன்னும் அழுத்திச் சொல்லிடறேன்."

சற்குணத்தின் கை இலையில் நின்றது. நிமிர்ந்து பரிபூரணத்தைப் பார்த்தார். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள், அசைத்தாளா என்று அவளுக்கே நிச்சயமில்லாதபடி. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய நெற்றி நரம்பு புடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

"இல்லப்பா" என்றார்.

"என்ன இல்ல?"

"அது சாறு இல்ல. புளிச்சதுதான். குடிச்சா ஏறுறதுதான். நான் உனக்கு அப்போ சொன்னது தப்பு. தெரியாம சொன்னேன். ஆனா மாசிலாமணி, நீ குடிக்கக் கூடாதுங்கிறதுக்கு அது காரணமே இல்லப்பா. வேற ஆயிரம் காரணம் இருக்கு. உன் பிள்ளைங்க இருக்கு. நான் எல்லாத்தையும் உட்கார்ந்து உனக்கு..."

மாசிலாமணி அவரைக் கவனிக்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

அவள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள்.

"என்கிட்ட ரசம்னு சொன்னப்பவே தெரியுமா?"

"தெரியும்டா."

"சரிக்கா" என்றான். மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான். சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, இலையை மடித்து, கை கழுவி, மரகதத்தையும் குழந்தைகளையும் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் கத்தியிருந்தால், இலையைத் தூக்கி எறிந்திருந்தால், அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. குடிக்கவும் இல்லை என்று மரகதம் சொல்லியனுப்பினாள். "வேலைக்குப் போறாரு, வராரு, பேசத்தான் மாட்டேங்கிறாரு." சற்குணம் இரண்டு தரம் போனார். இருக்கிற வேலையைச் சொல்லி அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். பரிபூரணம் கடைக்கே போனாள். ஒரு பெரிய அலமாரியின் முன்னால் குந்தியபடி, துணிப்பந்தைத் தோய்த்துத் தோய்த்து வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஸ்பிரிட் நெடி கண்ணைக் கரித்தது.

"என்னை நாலு அடி அடிச்சிடுடா" என்றாள்.

"எதுக்குக்கா?" அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இந்த டின்னு பக்கத்துலயே ஆறு வருஷம் உக்காந்திருக்கேன். நாக்கு இழுக்கும். அப்பல்லாம், அவரே தொடல, நீ யாருடான்னு கேட்டுக்குவேன். நாக்கு அடங்கிடும். இப்போ கேட்டுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல."

"உன்னைக் காப்பாத்தணும்னுதான்டா சொன்னேன்."

"தெரியும். நெசத்தைச் சொன்னா இவன் தாங்க மாட்டான்னு உனக்கே தோணியிருக்குல்ல? என்னை வளர்த்தவ நீ. உனக்கே தோணிச்சுன்னா அது சரியாத்தான் இருக்கும்."

அவள் என்னென்னவோ சொன்னாள். அப்படி இல்லை, நீ தாங்குவாய், உன்னால் முடியும் என்றாள். சொல்லச்சொல்ல அவளுக்கே தன் சொல் எதிலும் ஒட்டவில்லை என்று தெரிந்தது. ஒரு தரம் பொய் சொன்ன வாயிலிருந்து வருகிற மெய்யை அவன் எதை வைத்துத் தரம் பிரிப்பான்? அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே தேய்த்தான். "நேரமாச்சு, வீட்டுக்குப் போக்கா" என்றான்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை சவரிமுத்துதான் நனைந்துகொண்டு ஓடி வந்தான். மாசிலாமணியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, நாலைந்து நாளாகவே டின்னிலிருந்து குடித்துக்கொண்டிருந்திருக்கிறான், இன்று கடையில் சுருண்டு விழுந்துவிட்டான் என்றான். "நான் விளையாட்டுக்குத்தாம்மா சொன்னேன், விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். அவனுக்கு ஆறுதல் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வார்டில் பகல் வெளிச்சம் நன்றாகவே இருந்தது. மாசிலாமணி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "விளக்கைப் போடச் சொல்லு மரகதம்" என்றான். மரகதம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். யாரும் குடிக்காமலிருக்க இப்போது வருகிற ஸ்பிரிட்டில் விஷம் கலக்கிறார்கள், பார்வை போய்விட்டது, உயிரும் சந்தேகம்தான் என்று டாக்டர் சற்குணத்தைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார்.

பரிபூரணம் அவன் தலையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். யார் மடி என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் விலகவில்லை.

"அத்தான் இருக்காரா?"

"இருக்கேன்பா."

"அந்த மூல பாஷையில அதுக்கு என்ன பேரு?"

சற்குணத்துக்கு உதடு கோணிக்கொண்டது. "யாயின்."

"யாயின்" என்று அவன் சொல்லிப் பார்த்தான். இன்னொரு தரமும் சொன்னான். அதற்குப் பிறகு மூச்சுத்தான் பெரிதாக வாங்கியது. சற்குணம் ஜெபம் செய்ய வாயெடுத்தார். முதல் வாக்கியத்துக்கு மேல் போக முடியாமல் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் மத்தியானம் மாசிலாமணி இறந்துபோனான்.

குடித்துச் செத்தவனுக்குச் சபை முறைப்படி அடக்கம் எதற்கு என்று மூப்பர்கள் இரண்டு பேர் ஆட்சேபித்தார்கள். சற்குணம் அவர்களோடு வாதாடவில்லை. அங்கியைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். குழிக்குள் மழைத்தண்ணீர் கிடந்தது. பெட்டியை இறக்கியபோது சளப்பென்று சத்தம் கேட்டது. மரகதம் பெண்கள் இரண்டையும் கூட்டிக்கொண்டு காட்டூரில் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பரிபூரணம் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு அங்கே போனாள். மரகதம் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னாள். காப்பி கொடுத்தாள். கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் கூட வந்தாள்.

"அண்ணி, இனிமே வராதீங்க. கோவம்லாம் இல்ல. உங்களைப் பார்த்தா, அன்னிக்கு இலை முன்னாடி உக்காந்து உங்களைக் கேட்டாரே, அந்த மூஞ்சிதான் எனக்குத் தெரியுது. பிள்ளைங்களை வளர்க்கணும் நான்."

பரிபூரணம் தலையாட்டினாள். பஸ் வருகிற வரைக்கும் மரகதம் நின்றாள்.

தை மாதம் திருத்தக் குழு பெங்களூரில் கூடியது. சற்குணம் போகமாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். போனார். திரும்பி வந்த அன்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"பழைய சொல்லே இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டாங்க. திராட்சரசம்."

"நீங்க கண்டுபிடிச்சதைச் சொல்லலையா?"

"சொன்னேன். மூலத்துல அதுதான்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா மதுவிலக்கு இருக்கிற நாட்டுல ஜனங்களுக்கு இடறலா இருக்குமாம். தெரியாத வரைக்கும் நல்லதுதானேன்னு தலைவரே சொன்னாரு."

அவள் சொன்ன பொய்தான் அது. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, கை தூக்கி, அதை நிறைவேற்றியிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறு ஏதோவாக மாறியது. சற்குணம் எழுந்து வந்து அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார். அவள் விலகிப்போகவில்லை. ஆனால் அவருடைய கைதான் பாதியில் இறங்கிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்று அவரும், நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று அவளும் அந்த மாதங்களில் எத்தனையோ தரம் ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருவர் பாரத்தை மற்றவர் வாங்கிக்கொள்ள முடியவில்லை. பேச்சு குறைந்து, சமையலுக்கும் சபைக்கும் வேண்டியதோடு நின்றுபோயிருந்தது.

அந்த வருஷக் கோடையில் வரகனேரியிலிருந்து பவுனம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். சபையைச் சேர்ந்தவள் இல்லை. ஒரு பக்கத்துக் கன்னம் வீங்கியிருந்தது.

"ஐயா பேசினா குடிக்கிறவங்க திருந்துறாங்கன்னு சொன்னாங்கம்மா. எங்க வீட்டுக்காரரு வெளியிலதான் நிக்கிறாரு. எப்படியோ இழுத்துட்டு வந்துட்டேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பரிபூரணம் எட்டிப் பார்த்தாள். தெருவில், வேலியைப் பிடித்துக்கொண்டு, இளவயதுக்காரன் ஒருவன் தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். அவள் உள்ளே போனாள். சற்குணம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். ஒரு கையை நுழைத்தார். பிறகு அப்படியே, ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சொல்றது பரிபூரணம்?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாதவர் கேட்பது போலக் கேட்டார்.

அவள் வாசலுக்கு வந்து, "ஐயா ஊர்ல இல்லம்மா" என்றாள்.

பவுனம்மாளின் பார்வை, கதவோரம் கழற்றிவிட்டிருந்த ஆண் செருப்பின் மேல் போய் நின்றது. நிமிர்ந்து பரிபூரணத்தைப் பார்த்தாள். தெருவில் இறங்கி, புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் நடக்கத் தொடங்கினாள்.